புரோட்டீன் ஸ்கிம்மரைத் தாமே கட்டுவோர்க்கு: கேள்வி-பதில்

பவளங்கள் வளரும் கடல்நீர்த் தொட்டியில் கரைந்த அழுக்கைக் காற்றுக் குமிழிகளால் நுரையாக்கி மேலுள்ள கோப்பையில் சேர்க்கும் புரோட்டீன் ஸ்கிம்மரைத் தாமே கட்டத் தொடங்கியிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றைச் சுருக்கி இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேள்விகளில் பெரும்பாலானவை பம்ப்பின் வலிமையைப் பற்றியவை. என் பதில்களோ குழாயின் அகலத்துக்கும் காற்றின் அளவுக்குமே திரும்பத் திரும்ப வந்து சேர்கின்றன. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: என்னுடையது 300 லிட்டர் தொட்டி. மணிக்கு 3,000 லிட்டர் தள்ளும் பம்ப் ஒன்று கைவசம் உள்ளது. கடையில் 4 அங்குல அக்ரிலிக் குழாய்தான் கிடைத்தது. இரண்டையும் இணைத்து ஸ்கிம்மர் கட்டலாமா? (சென்னை வாசகர்)

பதில்: கட்டினால் ஓடும், ஆனால் நுரை நிற்காது. மீன்களின் கழிவு, மிஞ்சிய தீனி, பவளங்கள் சுரக்கும் கோழை ஆகியவற்றிலிருந்து நீரில் கரையும் கரிமப் பொருள்களில் பலவற்றின் மூலக்கூறுகள், ஒரு முனையில் நீரை நாடுவனவாகவும் மறுமுனையில் நீரை விலக்குவனவாகவும் இருக்கின்றன. ஆகவே அவை நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஒரு லிட்டர் காற்றை 1 மி.மீ. விட்டமுள்ள குமிழிகளாக உடைத்தால் 6 சதுர மீட்டர் பரப்பும், அரை மி.மீ. குமிழிகளாக உடைத்தால் 12 சதுர மீட்டர் பரப்பும் கிடைக்கும். எனவே நுண்ணிய குமிழி வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்தப் பரப்பில் ஒட்டிய அழுக்கு கோப்பைக்குப் போய்ச் சேர வேண்டுமானால், குமிழிகள் கலங்காமல் மேலேறி, கோப்பைக்குக் கீழுள்ள குறுகிய கழுத்தில் அடுக்கடுக்காக நின்று, இடையில் உள்ள நீர் வடிந்து, கெட்டியான நுரையாக மாற வேண்டும். பெரிய பம்ப்பைச் சிறிய குழாயில் பொருத்துவோர் கெடுத்துக்கொள்வது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

கணக்கைப் பாருங்கள். 4 அங்குலக் குழாயின் உள்விட்டம் 9.4 செ.மீ. என்று கொண்டால், குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 69 சதுர செ.மீ. உங்கள் பம்ப்பை நீடில் வீலாக (இறக்கைகளுக்குப் பதில் ஊசிகளோ வலையோ கொண்டு காற்றை நுண்குமிழிகளாக உடைக்கும் சக்கரம்) மாற்றியபின் அது மணிக்கு 600 லிட்டர் காற்றை இழுப்பதாக வைத்துக்கொள்வோம். அது நொடிக்கு 167 கன செ.மீ. ஆகும், குழாயில் அதன் வேகம் நொடிக்கு 2.4 செ.மீ. அந்த வேகத்தில் உடற்குழாய்க்குள் உலை கொதிப்பதைப் போன்ற கொந்தளிப்பு எழும். குமிழிகள் ஒன்றோடொன்று மோதிப் பெரிதாகும். கோப்பையில் தேநீர் நிறத்துக்குக்கூட வராத வெறும் உப்புநீர் வந்து சேரும். உடற்குழாயில் இந்த வேகம் நொடிக்கு 1 செ.மீ.க்குக் கீழே, இயன்றால் அரை செ.மீ. அளவில், இருக்க வேண்டும் என்பது நான் கைக்கொள்ளும் வரம்பு.

300 லிட்டருக்கு மணிக்கு 300 லிட்டர் காற்று தாராளம். அதை வெளிவிட்டம் 15 செ.மீ. உள்ள உடற்குழாயில் செலுத்தினால் வேகம் அரை செ.மீ.யில் நிற்கும். நீங்கள் வாங்கிய 4 அங்குலக் குழாயை வீணாக்க வேண்டாம். அந்த உடலுக்கு அது பொருத்தமான கழுத்தாக அமையும். பம்ப்பைத்தான் மாற்ற வேண்டும். உடலுக்கும் கழுத்துக்கும் நடுவில் தட்டையான மூடி வைப்பதைவிடக் கூம்பு வடிவ இணைப்பு வைப்பது மேல். இல்லையேல் மூடியின் அடிப்புறத்தில் குமிழிகள் தேங்கி, ஒன்றுகூடி, அவ்வப்போது பெருங்குமிழிகளாக வெடித்து நுரையைக் குலைக்கும்.

கேள்வி: சாதாரண பம்ப்பின் இம்பெல்லரை நீடில் வீலாக மாற்றுவது எப்படி? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் இறக்கைகளை வெட்டிவிட்டு, அதே இடத்தில் 2 அல்லது 3 மி.மீ. தடிமனுள்ள அக்ரிலிக் வட்டு ஒன்றைப் பொருத்தி, அதன்மேல் திறந்த இழைகள் கொண்ட நைலான் அல்லது பாலிபுரோப்பிலீன் மெஷ்ஷை (வலையை)த் தூண்டில் நரம்பால் தைப்பதே எளிய வழி. வட்டில் ஊசிகளை நடுவதைவிட இது எளிது. சமநிலையும் எளிதில் அமையும். மெஷ்ஷின் விளிம்புக்கும் பம்ப் உறையின் உட்சுவருக்கும் நடுவில் சுற்றிலும் 2 மி.மீ. இடைவெளியாவது இருக்கட்டும். காற்றுக் குழாயை உறிஞ்சும் வாயில் கொடுக்க வேண்டும். வெளியேற்றும் வாயில் கொடுத்தால் மெஷ் காற்றை உடைக்க வாய்ப்பே இல்லை.

இத்தகைய சிறிய ஏசி (மாறுமின்னோட்ட) பம்ப்களின் மோட்டார் எந்தத் திசையிலும் சுழலத் தொடங்கும். மெஷ்ஷை அடர்த்தியாகத் தைத்துவிட்டால், கனமான சக்கரத்தை முதல் அரைச் சுற்றில் இழுக்க முடியாமல் அது நடுங்கிக்கொண்டே நின்றுவிடும். ஒரு படலம் மட்டும் தைத்து, பத்துப் பதினைந்து முறை அணைத்துப் போட்டுப் பார்த்து, ஒவ்வொரு முறையும் கிளம்பினால் அடுத்த படலத்தைச் சேர்க்கலாம்.

அமெரிக்க வரைபடங்களைப் பார்த்துக் கட்டுவோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். இந்தியாவிலும் இலங்கையிலும் 50 ஹெர்ட்ஸ். இரு துருவ சிங்க்ரோனஸ் மோட்டார் அங்கே நிமிடத்துக்கு 3,600 சுற்றும் இங்கே 3,000 சுற்றும் சுழல்வதால், அந்த வரைபடத்தில் எழுதப்பட்ட காற்றளவு இங்கே வராது.

காற்றளவை அறிய ரோட்டாமீட்டர் இல்லாவிட்டாலும் குறையில்லை. 5 லிட்டர் கொள்ளும் மெல்லிய பாலித்தீன் பையில் காற்றை நிரப்பி, அதன் வாயைக் காற்றுக் குழாயோடு இறுகக் கட்டி, பை சப்பிப்போக எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 60 நொடியானால் மணிக்கு 300 லிட்டர். ஸ்கிம்மரில் நீர் நிறைந்து ஓடும்போதுதான் இதை அளக்க வேண்டும்; வெறும் வாளியில் அளந்தால் எண்ணிக்கை மயக்கும்.

கேள்வி: அக்ரிலிக்கை ஒட்டிய சில நாள்களில் இணைப்பைச் சுற்றி வெண்மையான மயிரிழை விரிசல்கள் தோன்றியுள்ளன. பசையின் குறையா? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: பசை காரணமன்று, அக்ரிலிக்கினுள் ஏற்கெனவே இறுக்கம் இருந்திருக்கிறது, பசையின் கரைப்பான் அதை வெளியே கொண்டுவந்திருக்கிறது. மழுங்கிய பற்களுள்ள வாளால் வேகமாக அறுத்தால் விளிம்பு சூடேறி இறுகும். பளபளப்புக்காக விளிம்பைத் தீச்சுடரில் காட்டிவிட்டுப் பின்னர் ஒட்டுவது அதைவிடக் கேடு. எக்ஸ்ட்ரூடட் (உருக்கி அச்சு வழியே தள்ளிச் செய்த) அக்ரிலிக்கில் இந்த விரிசல் எளிதில் வரும். காஸ்ட் (அச்சில் வார்த்த) அக்ரிலிக் விலை கூடினாலும் கடைசலுக்கும் ஒட்டுதலுக்கும் அதுவே ஏற்றது. அறுத்துக் கடைந்த துண்டுகளை 80 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சில மணி நேரம் வைத்து, அடுப்புக்குள்ளேயே மெல்ல ஆறவிட்டால் இறுக்கம் தளரும். துடைப்பதற்கு ஆல்கஹாலைப் பயன்படுத்த வேண்டாம். அதுவும் விரிசலைத் தூண்டும்.

ஒட்டும்போது விளிம்புகள் ஒளி புகாத அளவுக்குப் பொருந்த வேண்டும். நீரைப் போல் மெல்லிய கரைப்பான் பசையை ஊசிக்குழல் வழியே இணைப்பின் ஓரத்தில் விட்டால், நுண்துளை ஈர்ப்பால் அது தானே உள்ளே பரவிவிடும். நம் ஊர்களின் விளம்பரப் பலகைப் பட்டறைகளில் இதற்குக் குளோரோஃபார்மைப் பயன்படுத்துகிறார்கள். ஒட்டும் என்பது உண்மைதான். எனினும் அது மிக விரைவில் ஆவியாவதால் நீண்ட இணைப்புகளில் குமிழ்கள் தங்கிவிடுகின்றன, மூடிய அறையில் அந்த ஆவியைச் சுவாசிப்பது ஆபத்தும்கூட. சிலிக்கோன் அக்ரிலிக்கைப் பிடிக்காது. பிவிசி குழாய்க்கான பசையும் பிவிசியை அக்ரிலிக்கோடு நம்பத்தக்க வகையில் இணைக்காது. அந்த இடங்களில் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வைத்த பல்க்ஹெட் இணைப்பை (சுவரின் இருபுறமும் இறுக்கும் குழாயிணைப்பு)த் திருகிவிடுவதே நல்லது. கழற்றிக் கழுவுவதற்கும் அது உதவும்.

கேள்வி: மின்தடைக்குப் பின் ஸ்கிம்மர் பொங்கித் தரையெல்லாம் உப்புநீர் ஆகிறது. இன்வெர்ட்டர் வைத்தும் பயனில்லை. (திருச்சி வாசகர்)

பதில்: இன்வெர்ட்டரில் ஸ்கிம்மரை இணைத்துவிட்டு, கீழ்த்தொட்டியான சம்ப்பிலிருந்து நீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்ப்பை இணைக்காமல் விட்டிருப்பீர்கள் என்று கருதுகிறேன். ரிட்டர்ன் பம்ப் நின்றால் மேல்தொட்டியின் நீர் சம்ப்புக்கு இறங்கி, ஸ்கிம்மரைச் சுற்றியுள்ள மட்டம் உயர்கிறது. அதற்கேற்ப உள்மட்டமும் உயர்ந்து நுரைக்குப் பதிலாக நீரே கழுத்தைத் தாண்டிக் கோப்பைக்குள் விழுகிறது. கோப்பையிலிருந்து வெளி வாளிக்குக் குழாய் வைத்திருந்தால் கேடு இன்னும் பெரிது. பல லிட்டர் உப்புநீர் வெளியேறிய பின் மின்சாரம் திரும்பும். சம்ப்பின் மட்டம் தாழ்ந்திருப்பதைக் கண்டு தானியங்கி நீர்நிரப்பி நன்னீரைக் கொட்டும். தரையைத் துடைத்து முடிப்பதற்குள் தொட்டியின் உப்படர்த்தி சரிந்திருக்கும்.

இன்வெர்ட்டரில் இடம் பெற வேண்டியவை நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்பும், இயன்றால் ரிட்டர்ன் பம்ப்பும். ஸ்கிம்மர் சில மணி நேரம் நிற்பதால் எந்தப் பவளமும் சாகாது. ஸ்கிம்மரின் மின்னிணைப்பை, சம்ப் மட்டம் உயர்ந்தால் துண்டிக்கும் மிதவை சுவிட்ச் வழியாகக் கொடுங்கள். மின்சாரம் வந்து பத்து நிமிடம் கழித்தே அது ஓடத் தொடங்குமாறு தாமத டைமர் ஒன்றையும் வையுங்கள். சம்ப்பில் ஸ்கிம்மர் நிற்கும் பகுதியின் நீர்மட்டம் அன்றாட நீராவியிழப்பால் மாறாதபடி, அந்தப் பகுதியைத் தடுப்புக் கண்ணாடியால் பிரித்திருப்பதும் அவசியம்.

கேள்வி: தொட்டிக்குள் நுண்குமிழிகள் பனிமூட்டம் போல் வருகின்றன. (கொழும்பு வாசகர்)

பதில்: அரை மி.மீ. குமிழி நொடிக்கு ஏறக்குறைய 5 செ.மீ. மேலேறும், பத்தில் ஒரு மி.மீ. குமிழியோ அரை செ.மீ. அளவே ஏறும். அதைவிட வேகமாக நீர் கீழே இறங்கும் இடத்தில் அக்குமிழி நீரோடு போய்விடும். உடற்குழாயில் நீர் மெல்ல இறங்கினாலும், வெளியேற்றக் குழாயின் குறுகிய வாயருகே வேகம் பன்மடங்காகிறது. ஆதலால் வெளியேறும் வாய் உடலின் அடியில், குமிழி நுழையும் இடத்துக்கு நன்கு கீழே, அகலமாக அமைய வேண்டும். ஏற்கெனவே கட்டி முடித்துவிட்டீர்கள் என்றால், பம்ப்பின் வாய்க்கு மேல் 4 அல்லது 5 மி.மீ. துளைகள் கொண்ட தட்டு ஒன்றைப் பொருத்திக் குமிழிகளை மேலேயே விடச் செய்யலாம். புதிய ஸ்கிம்மர் என்றால் இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். உட்சுவரில் வழுவழுப்பான படலம் படிந்தபின் இது பெருமளவு குறையும்.

கேள்வி: கட்டி ஒரு வாரமாகியும் கோப்பை காலியாகவே இருக்கிறது. கடையில் வாங்கும் ஸ்கிம்மருக்கு ஈடாக இது என்றாவது வேலை செய்யுமா? (மதுரை வாசகர்)

பதில்: புதிய பிளாஸ்டிக்கின் மேலுள்ள எண்ணெய்ப் பசை நீங்கும் வரை நுரை நிலைக்காது. கைகளில் எண்ணெய் இருந்தாலும், எண்ணெய்ச் சத்து மிகுந்த தீனி போட்டாலும் நுரை சற்று நேரம் அடங்கிவிடும். உங்கள் தொட்டியில் இரண்டே சிறிய மீன்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அத்தனை குறைந்த அழுக்கைக் கொண்டு அகலமான கழுத்தை நிரப்ப முடியாது. காற்றைச் சற்றுக் குறைத்து, வெளியேற்றத்தைக் கேட் வால்வால் நுண்ணிதாக இறுக்கிப் பாருங்கள். பால் வால்வு இதற்கு உதவாது. சிறிது திருப்பினாலே மட்டம் தாவிவிடும்.

இரண்டாவது கேள்விக்கு: அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் குழுவினர், குமிழி உண்டாக்கும் முறையில் வேறுபட்ட சில ஸ்கிம்மர்களைச் சோதித்து 2009-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அவை நீரிலிருந்த அளக்கத்தக்க மொத்தக் கரிமக் கார்பனில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காட்டையே நீக்கின. குமிழியில் ஒட்டாத மீதியை எந்த ஸ்கிம்மரும் எடுக்காது. அதற்குக் கரித்தூள் வடிகட்டியும் நீர் மாற்றமும் இருக்கின்றன. ஆகவே ஒழுங்காகக் கட்டப்பட்ட உங்கள் ஸ்கிம்மர் பின்தங்கக் காரணம் இல்லை. விலை உயர்ந்தவற்றில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி ஓசை குறைந்த பம்ப்புக்கும் நேர்த்தியான கடைசலுக்கும் போகிறது. அவை வீண் செலவு என்று நான் சொல்லவில்லை. படுக்கையறையில் தொட்டி வைத்திருப்போருக்கு அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

கேள்வி: ஏசி அறையில் பிஎச் 7.8-க்கு மேல் ஏறவில்லை. ஸ்கிம்மருக்கு வெளிக்காற்றைக் கொடுத்தால் உயருமா? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: பெரும்பாலும் உயரும். மூடிய அறையில் மனித மூச்சால் கரியமில வாயு மிகுந்து, அதே காற்றை ஸ்கிம்மர் தொட்டி நீரோடு கலக்கிறது; அதனால் பிஎச் தாழ்கிறது. வெளியிலிருந்து குழாய் இழுக்கும்போது அது 12 மி.மீ.க்குக் குறையாத உள்விட்டத்துடன் இருக்கட்டும். குறுகிய நீண்ட குழாய் காற்றளவைக் கெடுத்துவிடும். சிங்கப்பூரிலும் நம் நகரங்களிலும் கொசு ஒழிப்புக்குப் புகை அடிப்பது வழக்கம் என்பதால் ஓர் எச்சரிக்கையும் தேவை: அந்தப் புகையில் உள்ள பூச்சிக்கொல்லி இறால்களுக்கும் நண்டுகளுக்கும் நஞ்சு. புகை அடிக்கும் நாளில் ஸ்கிம்மரை நிறுத்திவையுங்கள்.

கேள்வி: வீட்டு முற்றத்து நன்னீர்க் குளத்துக்கு இதே ஸ்கிம்மரை வைக்கலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: வேண்டாம். உப்புநீரில் குமிழிகள் எளிதில் ஒன்றுசேர்வதில்லை. நன்னீரில் உடனே சேர்ந்து பெரிதாகிவிடும்.

கேள்வி: காற்றைக் கட்டுப்படுத்தப் பித்தளை வால்வு வைத்திருக்கிறேன். நீருக்கு வெளியேதானே இருக்கிறது? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: பம்ப் நிற்கும்போதெல்லாம் உப்புநீர் காற்றுக் குழாயில் பின்னேறி, வால்வில் உப்பாகப் படிகிறது, பம்ப் ஓடத் தொடங்கியதும் அந்தப் படிவு, அரித்தெடுத்த செம்போடு சேர்ந்து தொட்டிக்கே போகிறது. செம்பு முதுகெலும்பற்ற கடல் உயிர்களுக்கு மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. பிளாஸ்டிக் வால்வாக மாற்றுங்கள். மூடியைப் பிடிக்கும் திருகுகளும் நைலானாக இருக்கட்டும், துருப்பிடிக்காதது என்று விற்கப்படும் எஃகும் இந்த உப்பில் துருப்பிடிக்கிறது. காற்று வாயில் படியும் உப்பை வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நன்னீரை உறிஞ்சவிட்டுக் கரைத்துவிடுங்கள். அடைப்பு முற்றியிருந்தால் வாயைக் கழற்றி வினிகரில் ஊறவைத்து, நன்றாகக் கழுவிய பின் பொருத்துங்கள்.