பூட்டான் ராஜா, பார்லிமெண்ட், மக்கள்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, அங்க ராஜா ஆட்சிதானே, அப்புறம் பிரதமர் எதுக்கு?

பதில்: வாங்சுக் வம்சம் 1907-ல ஆரம்பிச்சுது, ஆனா நாலாவது ராஜா ஜிக்மே சிங்யே 1998-லயே தினசரி நிர்வாகத்தை மந்திரிங்க கைக்கு மாத்திட்டாரு, 2006-ல பட்டத்தை மகனுக்குக் கொடுத்துட்டு ஒதுங்கிட்டாரு, 2008 மார்ச்ல கீழ்சபைக்கு முதல் தேர்தல், ஜூலைல அரசியல் சட்டம். ஜனங்க போராடி வாங்கினது இல்ல, நிறைய பேர் ராஜாவே ஆளட்டும்னுதான் சொன்னாங்க. அந்தச் சட்டப்படி ராஜா 65 வயசுல ரிட்டயர் ஆகணும். அவரையே இறக்கவும் வழி இருக்கு, பார்லிமெண்ட்ல நாலுல மூணு பங்கு பேர் சேர்ந்து முடிவெடுத்தா மக்கள் வாக்கெடுப்புக்குப் போகும். கீழ்சபைக்கு 47 சீட்டு, தேர்தல் ரெண்டு சுத்து. முதல் சுத்துல எல்லா கட்சியும் நிக்கும், முதல் ரெண்டு கட்சி மட்டும்தான் அடுத்த சுத்துக்குப் போகும். ஆளுங்கட்சியே முதல் சுத்துல வெளிய போனது 2018-லயும் நடந்துச்சு, 2023-லயும் நடந்துச்சு. ஓட்டுக்கு அங்க நிஜமாவே பலம் இருக்கு.

கேள்வி: போக விசா வேணுமா?

பதில்: இந்தியர்களுக்கு விசா வேணாம், பர்மிட் போதும். பாஸ்போர்ட் இல்லேன்னா வோட்டர் ஐடி காட்டலாம்.

கேள்வி: புத்த பிக்குகள் தேர்தல்ல நிப்பாங்களா?

பதில்: நிக்கவும் முடியாது, ஓட்டும் போட முடியாது. மதம் அரசியலுக்கு மேல இருக்கணும்னு சட்டமே சொல்லுது.

கேள்வி: உலகத்துலயே சந்தோஷமான நாடாமே?

பதில்: தயவுசெஞ்சு இந்த ஒரு வரியோட அந்த நாட்டை முடிச்சுடாதீங்க. மொத்த தேசிய மகிழ்ச்சிங்கறது அவங்க ஆட்சிக்கொள்கை, ரேங்க் இல்ல. 2019 உலக மகிழ்ச்சி அறிக்கைல அவங்க இடம் 95.

கேள்வி: நேபாளிகளைத் துரத்தினாங்கன்னு சொல்றாங்களே?

பதில்: பூட்டான் தெற்குல இருக்கற, நேபாளி பேசற லோட்சம்பா மக்களைத்தான் சொல்றீங்க. 1985 குடியுரிமைச் சட்டம் வந்துச்சு, 1988 கணக்கெடுப்புல 1958-ல அங்க இருந்ததுக்கு ஆதாரம் கேட்டாங்க, வரி ரசீது இல்லாதவன் ஒரே நாள்ல அந்நியன் ஆயிட்டான். பூட்டான் பாரம்பரிய உடையான கோ (ஆம்பளைங்களுக்கு), கிரா (பொம்பளைங்களுக்கு) கட்டாயம் ஆச்சு, ஸ்கூல்ல நேபாளி போச்சு, ஒரு லட்சத்துக்கும் மேல ஜனங்க நேபாள முகாம்ல போய் விழுந்தாங்க.

கேள்வி: சார், ஒருதலைப்பட்சமா பேசாதீங்க. சிக்கிம் 1975-ல இந்தியாவோட சேர்ந்துட்டதைப் பார்த்து பயந்தாங்க. வந்தேறிகளை எந்த நாடு வச்சுக்கும்?

பதில்: சிக்கிம் பயம் உண்மைதான், நான் மறுக்கல. ஆனா எல்லாரும் வந்தேறிங்கறது தப்பு. நேபாளத்துல குடுனாபாரி அகதி முகாம்ல பூட்டான், நேபாளம் ரெண்டு அரசும் சேர்ந்து சரிபார்த்து 2003-ல முடிவு சொன்னாங்க, அதுல சுமார் 70 சதவீதம் பேர் 'தானா விட்டுப் போன' பூட்டான்காரங்கன்னு போட்டிருக்காங்க. அப்போ அவங்க பூட்டான்காரங்கதானே?

கேள்வி: அதே பட்டியல்ல 24 சதவீதம் பூட்டான்காரங்களே இல்லேன்னும் இருக்கு, அதை ஏன் சொல்லல?

பதில்: இருக்கு. அந்த 24-ஐ வச்சு மீதி பேரை வெளிய நிறுத்தறது நியாயமா? 'தானா போனாங்க'ங்கறதையும் நான் ஏத்துக்க மாட்டேன், பயத்துல 'தானா போறேன்'னு கையெழுத்துப் போட்டு வீட்டை விட்டவன் தானா போனவன் இல்ல. சந்தோஷ நாடுன்னு எழுதறவங்க இதையும் சேர்த்து எழுதணும்னுதான் திரும்பத் திரும்ப சொல்றேன்.

கேள்வி: ப்ரோ விசா...

பதில்: மேல சொல்லியாச்சு, படிங்க.

கேள்வி: ஒரு நாளைக்கு எவ்வளவு கட்டணும்?

பதில்: இந்தியர்னா பூட்டான் அரசுக்குக் கட்டற கட்டணம் ராத்திரிக்கு 1200 ரூபா. ஹோட்டல் செலவெல்லாம் டிராவல்ஸ்காரங்ககிட்ட கேளுங்க.

கேள்வி: அந்த அகதிங்க திரும்பிப் போனாங்களா சார்?

பதில்: இல்ல. 2007-க்கு அப்புறம் ஒரு லட்சத்துக்கும் மேல பேர் வேற நாடுகள்ல குடியேறினாங்க, பெரும்பாலானவங்க அமெரிக்காவுல. கிழக்கு நேபாள முகாம்ல இன்னும் சில ஆயிரம் பேர் இருக்காங்க, அவங்களப் பத்தி எவ்வளவு வேணா கேளுங்க, எழுதறேன்.