சேவ் இருக்கிறது, மாட் பட்டியல் எங்கே?

கேள்வி: ஸ்கைரிம் என்ற கணினி ஆட்டத்தில் நானூறு சேவ் கோப்பு சேர்ந்துவிட்டது. எல்லாம் வேண்டுமா? (ஃபீனிக்ஸ்)

பதில்: வேண்டாம். மாட், அதாவது ரசிகர்கள் எழுதி ஆட்டத்தில் சேர்க்கும் கூடுதல், நிறையப் போட்டால் ஒரு சேவ் 15, 20 எம்பி வரும். நானூறு என்றால் ஏறக்குறைய 7 ஜிபி. கடைசிப் பத்தும், பெரிய கட்டம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் போட்டதில் ஒன்றும் போதும். ஆனால் அழிக்கும்போது ஜோடியைப் பாருங்கள். எஸ்கேஎஸ்இ (பல மாட்கள் ஓடத் தேவையான துணைக் கருவி) வைத்திருப்பவர்களுக்கு இஎஸ்எஸ் என்று முடியும் ஒவ்வொரு சேவ் கோப்புக்கும் பக்கத்தில், அதே பெயரில், எஸ்கேஎஸ்இ என்று முடியும் சின்னக் கோப்பு ஒன்று இருக்கும். பல மாட்கள் தங்கள் கணக்கை எழுதிவைப்பது அதில்தான். அதை மட்டும் தூக்கினால் சேவ் திறக்கும், ஆனால் அந்த மாட்கள் எல்லாவற்றையும் மறந்துவிடும். அழித்தால் இரண்டும், நகல் எடுத்தால் இரண்டும்.

கேள்வி: சிம்ஸ் 4-இல் ஒரே குடும்பத்துக்கு ஆறு கோப்பு இருக்கிறது. வெர்0, வெர்1 என்று முடிகிறவை குப்பையா? (வெருலம்)

பதில்: குப்பை இல்லை. நீங்கள் சேவ் செய்யும்போதெல்லாம் ஆட்டமே முந்தையதை ஒதுக்கி வைக்கிறது. வெர்0 முதல் வெர்4 வரை மொத்தம் ஐந்து. நடப்பு சேவ் கெட்டால் தேதியைப் பார்த்து நல்லதாக ஒன்றை எடுத்து, நகல் போட்டு, நகலின் பெயரில் வெர் என்று தொடங்கும் வாலை நீக்கி, ஸ்லாட் எண்ணுக்கு வேறு சேவ் எதுவும் பயன்படுத்தாத எண்ணைக் கொடுங்கள். பட்டியலில் வந்துவிடும். அதே மூச்சில் ஐந்து முறை சேவ் அடித்தால் ஐந்து பழையதும் போய்விடும், அது நினைவிருக்கட்டும்.

கேள்வி: மைன்கிராஃப்ட் ஆடும்போது கரண்ட் போய்விட்டது. உலகம் திறக்க மாட்டேன் என்கிறது. என் மகன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. (சாட்ஸ்வொர்த்)

பதில்: முதலில் அந்த உலகத்தின் ஃபோல்டரை முழுதாக வேறு இடத்துக்கு நகல் எடுங்கள். நகல் எடுக்காமல் கை வைக்காதீர்கள். அப்புறம் உள்ளே லெவல் டாட் (level.dat) என்ற கோப்பும், அதற்குப் பழசான ஓல்டு என்று முடியும் கோப்பும் இருக்கும். முதலாவதன் பெயரை மாற்றி ஒதுக்கிவிட்டு, பழசுக்கு அதன் பெயரைக் கொடுங்கள். பெரும்பாலும் திறந்துவிடும். கட்டிய வீடு ரீஜன் ஃபோல்டரில் தனியாக இருக்கிறது, எனவே மகனைச் சாப்பிடச் சொல்லுங்கள் அக்கா. ரீஜன் கோப்பே கெட்டிருந்தால் மட்டும் இந்த வழி உதவாது, அதற்கு முந்தைய பேக்கப்தான் வேண்டும்.

2023-இல் தென்னாப்பிரிக்காவில் ஆறாம் கட்ட லோட் ஷெடிங் (முறை வைத்து நடக்கும் மின்வெட்டு) நடந்தபோது எல்லோரும் அட்டவணை பார்த்து ஆடினோம். இப்போது அந்தப் பழக்கம் விட்டுப்போச்சு. ப்ரீபெய்ட் மீட்டரில் யூனிட் தீர்ந்தாலும் இதே கதிதான். வைஃபை பெட்டிக்கு வாங்கிய குட்டி யூபிஎஸ் மேசைக் கணினியைத் தாங்காது. கணினிக்கென்று ஒன்று வாங்குங்கள். ஐந்து, பத்து நிமிடம் கிடைத்தால் சேவ் செய்து அணைக்கப் போதும்.

கேள்வி: கேம் ஓடவில்லை. என்ன செய்ய? (ஊர் இல்லை)

பதில்: எந்த கேம்? எந்தப் பதிப்பு? கடைசியாகப் போட்ட மாட் எது? இவை இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. திரும்ப எழுதுங்கள்.

கேள்வி: கணினியை ஃபார்மேட் செய்தேன். ஸ்கைரிம் சேவ் பத்திரமாக பென் டிரைவில் இருந்தது. ஆட்டத்தையும் நினைவிருந்த மாட்களையும் திரும்பப் போட்டுத் திறந்தபோது, சில உள்ளடக்கம் இல்லை, தொடரவா என்று கேட்டது. சரி என்றேன். ஆட்டத்தில் என் வீட்டையும் துணைக்கு வந்தவளையும் காணோம். சேவ் கெட்டுவிட்டதா? (பீட்டர்மரிட்ஸ்பர்க்)

பதில்: சேவ் கெடவில்லை தம்பி. பாதியைத்தான் நீங்கள் பத்திரப்படுத்தினீர்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் அதே கடிதம் வந்துகொண்டே இருக்கிறது, எனவே இம்முறை விரிவாகவே சொல்கிறேன்.

சேவ் கோப்பில் வீடு இல்லை. இன்ன மாடில் உள்ள இன்ன பொருள், இன்ன இடத்தில் இருக்கிறது என்ற குறிப்புதான் இருக்கிறது. அந்த மாட் இல்லையென்றால் குறிப்புக்குப் பொருள் இல்லை, ஆட்டம் அதை விட்டுவிட்டு மேலே போகிறது. அது கேட்ட கேள்வி எச்சரிக்கை. 'சரி' என்று உள்ளே போய் அதன் மேலேயே சேவ் செய்தால்தான் இழப்பு நிரந்தரமாகிறது. மைன்கிராஃப்டிலும் அப்படியே: மாடை எடுத்துவிட்டு உலகத்தைத் திறந்தால் அதன் கற்கள் இருந்த இடம் வெறுமையாகும்.

எனவே பேக்கப் என்றால் சேவ், மாட் பட்டியல், மாட்களின் நிறுவும் கோப்புகள், ஆட்டத்தின் பதிப்பு எண், நான்கும் ஒரே தேதி போட்ட ஒரே ஃபோல்டரில். மாட்களை நிர்வகிக்கும் மாட் ஆர்கனைசர் வைத்திருப்பவர்கள் ப்ரொஃபைல் ஃபோல்டரை அப்படியே நகல் எடுத்தால் பட்டியலும் வரிசையும் அதில் வந்துவிடும். நிறுவும் கோப்புகளை ஏன் வைக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். எழுதியவர் அந்த மாடை நாளைக்கே எடுத்துவிடலாம், புதிய பதிப்பு உங்கள் சேவோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். முப்பது, நாற்பது ஜிபியைத் திரும்ப இறக்க டேட்டாவுக்கு எவ்வளவு ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

எனக்கும் இது நடந்தது. டர்பனில் ஒரு கடையில் கணினியைக் கொடுத்தேன். 'டாக்குமெண்ட்ஸ் எல்லாம் எடுத்து வைத்துவிட்டோம்' என்றார்கள். உண்மைதான், ஸ்கைரிம் சேவ் இருந்தது. ஆனால் ஸ்டார்டியூ என்ற பண்ணை ஆட்டமும் மைன்கிராஃப்டும் தங்கள் சேவ் கோப்புகளை ஆப்டேட்டாவுக்குள், விண்டோஸ் மறைத்துவைக்கும் ஃபோல்டரில் வைக்கின்றன. அதை யாரும் தொடவில்லை. நானும் என் தங்கையும் மூன்று வருடம் சேர்ந்து வளர்த்த பண்ணை போனது. இன்றுவரை அது வலிக்கிறது. கடைக்குக் கொடுக்கும் முன் நீங்களே எடுங்கள், ஆப்டேட்டாவையும் சேர்த்து.

உங்களுக்கு வழி இருக்கிறது. பென் டிரைவில் உள்ள சேவ் கோப்பைத் தொடாதீர்கள், அதன் நகலில் வேலை செய்யுங்கள். அந்த எச்சரிக்கை வராத வரை விடுபட்ட மாட்களைத் தேடிப் போடுங்கள். அதுவரை ஆட்டத்தில் சேவ் பொத்தானை அழுத்தவே வேண்டாம்.

கேள்வி: கிளவுடில் தானாகப் போகிறதே, அது போதாதா? (லெனேசியா)

பதில்: போதாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே கெட்டால் கெட்டதுதான் மேலே ஏறும். அதோடு கழற்றி வைக்கக்கூடிய ஹார்ட் டிஸ்க் ஒன்றும் வேண்டும்.

கேள்வி: மகளின் ஸ்டார்டியூ ஃபோல்டரில் ஓல்டு என்று இருந்ததை அழித்துவிட்டேன். கோபித்துக்கொண்டாள். (டொங்காட்)

பதில்: பண்ணைக்கு ஒன்றும் ஆகவில்லை அம்மா. இந்த ஆட்டத்தில் நம் பாத்திரம் தூங்கும்போதுதான் சேவ் ஆகிறது, ஓல்டு என்பது அதற்கு முந்தைய சேவ். அடுத்த முறை தூங்கினால் புதிதாக வந்துவிடும். எஸ்மாபி (ஸ்டார்டியூவில் மாட்களை ஓட்டும் கருவி) போட்டிருந்தால் ஆட்டத்தின் ஃபோல்டரில் கடைசிப் பத்து பேக்கப் ஜிப்பாக இருக்கும். அதுவும் அதே டிஸ்கில்தான் இருக்கிறது, டிஸ்க் போனால் அதுவும் போகும். வாரம் ஒருமுறை வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஆனால் மகள் கோபித்ததில் நியாயம் உண்டு. நகல் எடுக்காமல் கை வைக்காதீர்கள்.

கேள்வி: ஆட்டத்தின் நடுவில் ஸ்கிரிப்ட் மாடை, அதாவது நிரல் ஓட்டும் மாடை, எடுக்கலாமா? (மெரிபேங்க்)

பதில்: கூடாது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் அதைப் போடுவதற்கு முன் செய்த சேவிலிருந்து தொடங்குங்கள்.