சிங்கப்பூர் – நியூயார்க்: 17 மணி நேரமா, 18:40-ஆ?

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நேரடி விமானம் 17 மணி நேரம்தானே வர வேண்டும், டிக்கெட்டில் ஏன் 18:40 என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கணக்கு தப்பில்லை. 15,300 கிலோமீட்டர் தூரத்தை, மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் 17 மணி நேரம்தான் வரும். ஆனால் டிக்கெட்டில் இருக்கும் 18 மணி 40 நிமிடம், விமானம் இங்கே கேட்டை (பயணிகள் ஏறும் வாயிலை) விட்டு நகர்வதில் தொடங்கி அங்கே கேட்டில் போய் நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதில் அடக்கம். தவிர, அந்த 15,300 என்பது வட துருவத்தை ஒட்டிப் போகும் மிகக் குறுகிய வழி. நிஜத்தில் அன்றைய காற்றைப் பார்த்துத்தான் வழி பிடிப்பார்கள். போகும்போது பெரும்பாலும் பசிபிக் பக்கமாக, பின்னாலிருந்து தள்ளும் காற்றோடு போவார்கள். தூரம் கூடினாலும் எரிபொருள் மிச்சம்.

அப்புறம், பகல் 12-க்குக் கிளம்பி அதே தேதி மாலை 6:40-க்கு இறங்குவதாக டிக்கெட் காட்டுவது பிழையில்லை. இரண்டும் அந்தந்த ஊர் நேரம்; கோடையில் நியூயார்க் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் 13.

அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை உண்டு என்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலை. எந்த ஊர் நேரப்படி போடுவது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். மாத்திரை கைப்பையிலேயே இருக்கட்டும், பெட்டியில் போட வேண்டாம்.