செபுவானோ, அசாமி: தமிழருக்கு எது எளிது?

கேள்வி: செபுவானோ மொழியையும் அசாமி மொழியையும் ஒப்பிட முடியுமா? தமிழ் பேசுபவருக்கு எது எளிதாக வரும்?

எனக்கென்றே கேட்ட கேள்வி போல இருக்கிறது. நான் மருத்துவம் படித்தது பிலிப்பைன்ஸின் தாவாவோ நகரில். கல்யாணத்துக்கு அப்புறம் கணவரின் வேலை காரணமாக அசாமின் ஜோர்ஹாட்டில் குடியிருக்கிறேன். அங்கே நோயாளிகளிடம் செபுவானோ, இங்கே அக்கம்பக்கத்தில் அசாமி. இரண்டையும் தப்புத்தப்பாகத்தான் பேசுவேன். அதனால் இதை மொழியியல் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் உறவு முறையைச் சொல்லிவிடுகிறேன்: இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. செபுவானோ என்பது மலாய், பிலிப்பைன்ஸின் இன்னொரு மொழியான தகலாக் எல்லாம் இருக்கும் ஆஸ்ட்ரோனீசியக் குடும்பம். அசாமி வங்காளத்தின் பக்கத்து வீடு, இந்தோ ஆரியம். அசாமி பேசுவோர் 2011 கணக்கெடுப்பின்படி ஒன்றரைக் கோடிப் பேர். செபுவானோ இரண்டு கோடி அளவில். தாவாவோவில் போய் ‘செபுவானோ’ என்றால் யோசிப்பார்கள், ‘பிசாயா’ என்றால்தான் சட்டென்று புரியும்.

அசாமியின் வாக்கிய அமைப்பு நமக்குச் சொந்த வீடு மாதிரி. ‘மொய் பாத் காலோ’ என்றால் நான், சோறு, சாப்பிட்டேன். அதே வரிசை. தமிழில் யோசித்து வார்த்தையை மட்டும் மாற்றிப் போட்டாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம். செபுவானோவில் வினைதான் முதலில் வரும்: ‘மிகாஓன் கோ ஓக் கன்-ஓன்’, அதாவது சாப்பிட்டேன் நான் சோறு. அதோடு விட்டாலும் பரவாயில்லை. பேச்சு எதைப் பற்றியது என்பதைப் பொறுத்து வினையின் முன்னொட்டே மாறும். ‘குறிப்பிட்ட அந்த மீனைத்தான் சாப்பிட்டேன்’ என்றால் ‘மிகாஓன்’ ‘கிகாஓன்’ ஆகிவிடும். இது பிடிபட எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

உச்சரிப்பில் நிலைமை தலைகீழ். செபுவானோ ஒலிகள் நம் நாக்குக்குச் சுலபம். சொல்லின் முதலிலேயே ‘ங’ வரும்: ‘ஙானோ’ என்றால் ஏன், ‘ஙிபோன்’ என்றால் பல். பள்ளியில் ங, ஙா, ஙி என்று கத்தியதற்குப் பலன் எனக்குத் தாவாவோ இருக்கும் மிந்தனாவோ தீவில்தான் கிடைத்தது. அசாமியிலோ நம் ‘ட’வுக்கும் ‘த’வுக்கும் வித்தியாசம் கிடையாது, இரண்டும் நடுவில் எங்கோ ஒரு இடத்தில் நிற்கும். எழுத்தில் ஸ, ஷ இருக்கும். வாயில் பெரும்பாலும் தொண்டையைக் கரகரக்க வைக்கும் ஒரு ‘ஹ’தான் வரும்.

அந்த ‘ஹ’வால் ஒரு நாள் பதறிப் போனேன். ஜோர்ஹாட் வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ‘பேட் பிஹாய்ஸே’ என்றார். அந்த ‘பிஹ்’ நம்ம விஷம்தான் என்பது மட்டும் எனக்குத் தெரியும். என்ன குடித்தீர்கள், எப்போது குடித்தீர்கள் என்று படபடவென்று கேட்கிறேன், பாட்டி என்னை விநோதமாகப் பார்க்கிறார். கடைசியில் அவர் மருமகள்தான் சொன்னாள்: அசாமியில் வலி என்பதற்கும் அதே சொல்தானாம். சாதாரண வயிற்று வலி. தாவாவோவில் இந்தச் சிக்கலே இல்லை. ‘சகித்’ என்றால் வலி, முடிந்தது.

இனி எனக்குப் பிடித்த பகுதி. நாம், நாங்கள் என்ற வேறுபாடு அசாமியில் இல்லை, இரண்டுக்கும் ‘ஆமி’தான். செபுவானோவில் அச்சாக நம்மைப் போலவே உண்டு: ‘கிதா’ நாம், ‘கமி’ நாங்கள். விடுதித் தோழிகள் ‘மங்காஓன் தா’ என்றால் வா, சாப்பிடலாம். ‘மங்காஓன் மி’ என்றால் நாங்கள் சாப்பிடப் போகிறோம், நீ உன் வேலையைப் பார். ஒரே ஒரு எழுத்தில் சோறு போய்விடும்! அல்ல, இல்லை என்பதும் அங்கே தனித்தனி: ‘திலி’ என்றால் அல்ல, ‘வலா’ என்றால் இல்லை. நம்மவர்களே இப்போது எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போடுகிறோம், அங்கே சின்னக் குழந்தைகூட மாற்றிச் சொல்லாது.

அசாமி வேறொரு பழைய கதவைத் திறந்தது. எதிர்வீட்டுப் பையனிடம், உன் அம்மா எங்கே என்று கேட்க நினைத்து ‘தொமார் மா’ என்றேன். ‘மாரா’ என்று திருத்தினான். என் அம்மா ‘மா’, உன் அம்மா ‘மாரா’, அவன் அம்மா ‘மாக்’. யாருடைய அம்மா என்பதைப் பொறுத்து உறவுச் சொல்லே மாறுகிறது. சங்கத் தமிழில் யாய், ஞாய், தாய் என்றும், எந்தை, நுந்தை, தந்தை என்றும் இருந்ததே, அதே ஏற்பாடு. நாம் ‘தாய்’, ‘தந்தை’ இரண்டை மட்டும் பொதுவாக வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம்.

மரியாதையிலும் அசாமி நம் பக்கம். ‘நீ’ என்பதற்கே தொய், துமி, ஆபுனி என்று மூன்று படி, வினையும் கூடவே மாறும். செபுவானோவில் பெரியவருக்கும் ‘இகாவ்’தான்; ‘மனோங்’, ‘மனாங்’ என்று அண்ணன், அக்கா முறை வைத்துத்தான் மரியாதையைக் காட்ட வேண்டும்.

மூன்றுக்கும் பொதுவாக ஒன்றாவது உண்டா என்றால், உண்டு. செபுவானோவில் செய்திக்கு ‘பலிதா’, அசாமியில் ‘பாதோரி’, இரண்டும் சமஸ்கிருத ‘வார்த்தா’ வழி வந்தவை. நம் ‘வார்த்தை’யும் அதுவேதான். அப்புறம் சோறு. நெல், அரிசி, சோறு என்று நாம் பிரிப்பதை அசாமியர் ‘தான்’, ‘ஸாவுல்’, ‘பாத்’ என்பார்கள். செபுவானோவில் ஹுமாய், புகாஸ், கன்-ஓன். இத்தனைக்கும் செபு தீவில் பல தலைமுறைகளாக மக்காச்சோளக் குருணையைச் சோறு போல வடித்துச் சாப்பிட்டவர்கள் அதிகம்.

இரண்டின் அதிர்ஷ்டமும் ஒன்றல்ல. அசாமில் 1836 முதல் 1873 வரை நீதிமன்றத்திலும் பள்ளியிலும் வங்காளம்தான். அங்கிருந்து மீண்டு, 2024 அக்டோபரில் அசாமி செம்மொழி ஆனது. அதே மாதம் பிலிப்பைன்ஸில், தொடக்க வகுப்புகளில் தாய்மொழியைக் கட்டாயப் பயிற்றுமொழியாக வைத்திருந்த ஏற்பாட்டை நிறுத்தும் சட்டம் வந்தது.

எது எளிது? ஒரு மாதத்தில் கடைக்குப் போய்வர வேண்டுமென்றால் செபுவானோ. உட்கார்ந்து நீளமாகக் கதை பேச வேண்டுமென்றால் அசாமி. செபுவானோ படிக்க விக்கிப்பீடியா பக்கம் மட்டும் போகாதீர்கள். அறுபது லட்சம் கட்டுரைகள் இருக்கின்றன, அநேகமாக எல்லாம் ஒரு ஸ்வீடன்காரரின் கணினி நிரல் எழுதியவை.