சொந்தக் காணிக்குள் யானையைக் கொன்றவரைத் தண்டிப்பது நியாயமா?
பயிரை அழித்த யானையைத் தன் காணிக்குள்ளேயே கொன்ற விவசாயிக்குச் சிறைத்தண்டனை விதிப்பது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாக நியாயமே, இலங்கையில் 1937ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காணி உரிமையை யானையின் உயிர்மீதான உரிமையாக ஏற்பதில்லை.

ஆயினும் எல்லாக் கொலைகளையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது. பூசணிக்காய்க்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் ‘ஹக்கபட்டாஸ்’, வாய் சிதைந்த குட்டியைத் தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்கில் துடிக்கவைத்தே கொல்கிறது. அதற்குக் கடுஞ்சிறையும் போதாது என்பேன். நள்ளிரவில் சுவரை உடைத்த யானையிடமிருந்து பிள்ளைகளைக் காக்கச் சுட்டவரோ வேறு. 2019இல் மட்டும் 400க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. யானை தாக்கி 100க்கும் மேற்பட்ட மனிதரும் மாண்டனர். கொழும்பில் அச்சமின்றி உறங்கும் நாம், தண்டனையைக் கூட்டக் கோரும்போதே, அம்பாறை விவசாயிக்கு மின்வேலியும் உரிய நட்டஈடும் கிடைக்கவும் குரல்கொடுக்க வேண்டும்.