உடைந்த கையும் 46 வெற்றியும்

கேள்வி: ஒரு தோல்விகூட இல்லாமல் ஓய்வு பெற்ற வேல்ஸ் குத்துச்சண்டை வீரர் ஜோ கல்சாகி, வயதானவர்களை வென்றுதான் பெயர் வாங்கினார் என்கிறார்களே, சரியா?

பதில்: பாதி சரி. 2008இல் அவர் அமெரிக்காவில் வென்ற அமெரிக்க வீரர்கள் ஹாப்கின்ஸுக்கு வயது 43, ராய் ஜோன்ஸுக்கு 39, இருவரின் உச்சக்காலமும் முடிந்திருந்தது. ஆனால் அந்த இரண்டு சண்டையிலும் முதல் சுற்றிலேயே விழுந்து எழுந்து ஜெயித்தவரும் இவர்தான். கல்சாகிக்கும் அப்போது 36 வயது என்பதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

அப்புறம் அந்தக் கைகள். 2005இல் இடது கை உடைந்து, அமெரிக்க வீரர் ஜெஃப் லேசியுடனான சண்டையே அடுத்த மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. அந்தச் சண்டையிலிருந்து விலகிவிடலாம் என்றிருந்தவரை அப்பாவும் பயிற்சியாளருமான என்சோதான் பேசிச் சம்மதிக்க வைத்தார். கடைசியில் மான்செஸ்டரில் லேசியை 12 சுற்றும் அடித்து நொறுக்கினார். 'குத்துவதில்லை, அறைகிறார்' என்று கேலி செய்தவர்கள், அடிக்கடி உடையும் கையை வைத்துக்கொண்டு ஒருவர் எப்படிக் குத்துவார் என்று யோசித்திருக்க வேண்டும். வேகமும் குத்துகளின் எண்ணிக்கையும்தான் அவர் ஆயுதம்.

1997இல் பிரிட்டிஷ் வீரர் யூபாங்கை வென்று பெற்ற உலகப் பட்டத்தை 21 முறை காத்தார். 2007இல் கார்டிஃபில், அதுவரை தோற்காத டென்மார்க் வீரர் கெஸ்லரை வென்றதுதான் என் கணக்கில் அவருடைய உண்மையான சிகரம். அமெரிக்காவுக்குச் சண்டையிட இன்னும் முன்பே போயிருக்கலாம், அந்தக் குறை எனக்கும் உண்டு.