நிறுத்தி வைத்த கேரவனில் சுண்டெலி: எதற்குப் பணம் செலவிடலாம்?

கேள்வி: எங்கள் கேரவன் (படுக்கை, சமையல் வசதியுள்ள பயண வண்டி) ஆண்டில் பாதி நாள் ஓரிடத்திலேயே நிற்கிறது. சென்ற முறை கதவைத் திறந்தபோது இருக்கை மெத்தையின் ஓரம் குதறப்பட்டிருந்தது. அலமாரிக்குள் எலிப்புழுக்கைகளும் கிடந்தன. காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பி எலியை விரட்டும் மின்கருவியையும் புதினா எண்ணெய் நனைத்த பைகளையும் கடையில் பரிந்துரைக்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: இரண்டையும் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் துருப்பிடிக்காத கம்பி வலை, தாமிர நார், நல்ல சிலிக்கான் பசை ஆகியவற்றை வாங்கிக்கொண்டு, ஒரு முழுப் பகற்பொழுதை வண்டியின் அடிப்பாகத்துக்கென்று ஒதுக்குங்கள்.

காதுக்குக் கேட்காத அந்த ஒலி, அதாவது மீயொலி, தடுப்புகளைத் தாண்டிச் செல்லாது. பலகையில் பட்டுத் திரும்பிவிடும், துணியிலும் மெத்தையிலும் அடங்கிவிடும். கேரவனின் உட்புறமோ பலகைத் தடுப்புகளும் மெத்தைகளும் அலமாரிகளுமாகவே அமைந்தது. ஒலி எட்டும் இடத்திலும் சுண்டெலி சில நாட்களில் அதற்குப் பழகிவிடுகிறது. இத்தகைய கருவிகளைத் தயாரிப்போரும் விற்போருமாக 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, விளம்பரத்தில் சொல்லும் பலனுக்கு அறிவியல் ஆதாரம் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2001-ஆம் ஆண்டிலேயே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. கருவியின் பெட்டியில் ‘இத்தனை சதுர அடிக்குப் பாதுகாப்பு’ என்று அச்சிட்டிருந்தால், எத்தகைய அறையில், எந்த முறையில் அதைச் சோதித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். போதாக்குறைக்கு, மின் இணைப்பின்றி நிற்கும் வண்டியில் இக்கருவி பேட்டரியையும் மெல்ல மெல்ல வடித்துவிடும்.

புதினா எண்ணெய் காற்றில் ஆவியாகிவிடக்கூடியது. மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வண்டிக்குள் அதை யார் புதுப்பித்துக்கொண்டிருப்பார்கள்? பாச்சை உருண்டையைச் சிலர் யோசனையாகச் சொல்வதுண்டு. அதன் நெடி மெத்தையில் ஏறினால் எளிதில் போகாது. அந்த ஆவியைச் சுவாசிப்பது உடலுக்கும் கேடு. குழந்தைகள் படுத்துறங்கும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை.

இனி, உண்மையில் பலன் தரும் வேலைக்கு வருவோம். பென்சில் நுழையும் இடைவெளி, ஏறத்தாழ 6 மில்லிமீட்டர், இருந்தால் போதும்; சுண்டெலி உடலைக் குறுக்கி உள்ளே வந்துவிடும். அவ்வளவு சிறிய ஓட்டைகளைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. இருட்டிய பிறகு ஒருவர் உள்ளே அலமாரிகளையும் இருக்கைப் பெட்டிகளையும் திறந்து, ஒவ்வொரு மூலையிலும் பிரகாசமான விளக்கைப் பிடிக்க வேண்டும்; மற்றவர் வெளியே தரையில் படுத்து, அடித்தளத்தில் எங்கெங்கே வெளிச்சம் கசிகிறது என்று பார்த்துச் சாக்கட்டியால் குறிக்க வேண்டும். (ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள்.) பெரும்பாலான வண்டிகளில் குற்றவாளி ஒரே மாதிரியானதுதான்: கைகழுவும் தொட்டியின் கழிவுநீர்க் குழாய்க்காகக் குழாயின் பருமனைவிடப் பெரிதாகத் துளையிட்டு, சுற்றிலும் வளையம் போன்ற இடைவெளியை அப்படியே விட்டிருப்பார்கள். மின்கம்பிகளும் எரிவாயுக் குழாயும் தரையைத் துளைத்து வரும் இடங்கள், சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவுகளின் விளிம்புகள், பக்கவாட்டுச் சாமான் பெட்டிக் கதவுகளின் தேய்ந்த ரப்பர் பட்டைகள் ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

அடைக்கும் பொருளைத் தேர்வதில் கவனம் தேவை. விரிந்து இறுகும் நுரையை மட்டும் பீய்ச்சினால், ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டேயிருக்கும் முன்பற்களை உடைய பிராணிக்கு அது ஒரு தடையே அல்ல. பாத்திரம் தேய்க்கும் சாதாரண இரும்பு நார் ஈரத்தில் துருவேறிப் பொடிந்துவிடும். தாமிர நாரையோ துருப்பிடிக்காத எஃகு நாரையோ நெருக்கமாகத் திணித்து, அதன்மேல் சிலிக்கான் பசை பூசினால் பல ஆண்டுகள் நிற்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். அடித்தளத்தில் தெரியும் எல்லாத் துளைகளும் அடைக்க வேண்டியவை அல்ல. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். அது வெளியேறுவதற்காகவே தயாரிப்பாளர் சில காற்றுத் துளைகளை வைத்திருக்கிறார். அவற்றை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அவற்றின்மேல் 5 மில்லிமீட்டர் அளவு கண்ணுள்ள உலோக வலையைத் திருகாணியால் பொருத்துங்கள். கொசுவலை போல் நுண்ணியதாக இருந்தால் தூசி படிந்து காற்றோட்டம் நின்றுவிடும். குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் வெளிச்சுவரில் உள்ள காற்றுத் துவாரங்களை வண்டி நிற்கும் காலத்துக்கு மட்டும் மூடலாம். பயணத்துக்கு முன் மறவாமல் திறக்க வேண்டும். ‘மூடியை எடு’ என்று ஒரு சீட்டெழுதி, எரிவாயுச் சிலிண்டரின் திருகிலேயே கட்டித் தொங்கவிடுவது நல்லது.

உள்ளே ஈர்ப்பு எதுவும் இருக்கக் கூடாது. தின்பண்டம் மட்டுமல்ல, சோப்பு, மெழுகுவத்தி, நாய்த் தீனி ஆகியவையும் இறங்கட்டும். மெல்லிய தாள் சுருள்கள் கூடு கட்ட உதவும் என்பதால் அவையும் வேண்டாம். மெத்தைகளை வீட்டுக்குக் கொண்டுபோவது உத்தமம். வண்டி நிற்கும் இடம் புல்லும் விறகுக் குவியலும் இல்லாத கெட்டித் தரையாக இருக்கட்டும். மின் இணைப்புக் கம்பி செருகியபடியே இருந்தால் எலி அதைப் பிடித்து ஏறிவிடும், கழற்றிவிடுங்கள்.

சுண்டெலியின் சினைக்காலம் ஏறத்தாழ மூன்று வாரம். ஒரே ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் பிறக்கும். அவையும் இரண்டு மாதத்துக்குள் இனம் பெருக்கத் தொடங்கிவிடும். ஆகவே, நிறுத்திய முதல் சில வாரங்களில் அடிக்கடி போய்ப் பார்ப்பதற்கு மதிப்பு அதிகம். சந்தேகம் இருந்தால் விற்பொறிகளை (கம்பிவில் விசையுடன் அடித்துக் கொல்லும் எலிப்பொறிகளை) சுவருக்குச் செங்குத்தாக, இரை வைக்கும் முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். சுண்டெலி சுவரை ஒட்டியே ஓடும். உயிருடன் பிடிக்கும் கூண்டை, அன்றாடம் போய்ப் பார்க்க முடியாதவர்கள் வைக்க வேண்டாம். அகப்பட்ட உயிர் பட்டினியால் சாகும். எலி மருந்தையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தின்ற எலி சில நாள் கழித்து, பலகைச் சுவருக்குள் எட்டாத இடத்தில் செத்து நாறும். விஷமேறிய எலியைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் அந்த விஷம் போய்ச் சேரும்.

கேள்வி: புழுக்கைகளைப் பெருக்கித் தள்ளிவிட்டுப் பயணம் கிளம்பிவிடலாமா?

பதில்: பெருக்கவே கூடாது, தூசு உறிஞ்சும் கருவியும் ஆகாது. காய்ந்த புழுக்கையும் சிறுநீரும் தூசியாகப் பறந்தால், சில பகுதிகளின் எலிகள் சுமக்கும் ஹாண்டா வைரஸ் போன்ற நோய்க்கிருமிகள் மூச்சின் வழியே உள்ளே போகலாம். கதவு, சன்னல்களைத் திறந்து அரை மணி நேரம் வெளியே இருங்கள். பிறகு கையுறை அணிந்து, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, தாளால் துடைத்து எடுத்துப் பையில் கட்டி எறியுங்கள்.

அதைவிட முக்கியமானது எரிவாயு. ரப்பர் குழாயில் பல் பட்ட தடம் இருக்கிறதா என்று முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள். தடம் இருந்தால் குழாயை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. வெப்பக் கருவியின் புகைபோக்கியில் கூடு இருந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உள்ளேயே தங்கிவிடும். தகுதி பெற்ற பணியாளர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அடுப்பையும் வெப்பக் கருவியையும் பற்றவைக்காதீர்கள்.

கேள்வி: சேதத்துக்குக் காப்பீட்டில் பணம் கிடைக்குமா?

பதில்: எலி, பூச்சி போன்றவற்றால் நேரும் சேதத்தைப் பல காப்பீட்டு ஒப்பந்தங்கள் ‘விலக்குகள்’ என்ற பகுதியில் சேர்த்து ஒதுக்கிவிடுகின்றன. ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள். எலி கடித்த மின்கம்பியால் தீப்பிடித்தால் அதற்கும் விலக்கு பொருந்துமா என்பதைத் தனியாக, எழுத்து மூலம் கேட்டுப் பதிலைக் கோப்பில் வையுங்கள். வாடகை கொடுத்து வண்டியை நிறுத்துகிறீர்கள் என்றால், எலிக்கட்டுப்பாடு யார் பொறுப்பு, எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்வையிடுகிறார்கள் என்பதை ரசீதிலோ ஒப்பந்தத்திலோ எழுதித் தரச் சொல்லுங்கள். நிறுத்தும் நாளன்று வண்டியின் உட்புறத்தைத் தேதியுடன் படமெடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் உரிமை கோரும்போது அது உதவும்.